யூரிக் ஆசிட் 8-ஐ தாண்டிவிட்டதா? எல்லோருக்கும் மாத்திரை தேவையில்லை... தேவைப்படுபவர்கள் பாதியில் நிறுத்தவும் கூடாது! ஏன்?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் மொபைலுக்கு வந்து விழுகிறது. திறந்து பார்த்தால் சர்க்கரை ஓகே, கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூட. அதற்குக் கீழே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: யூரிக் ஆசிட் 7.9. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. காலில் வலி கிடையாது, வீக்கம் கிடையாது. ஆனாலும் அன்று மாலையே மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று, "யூரிக் ஆசிட் குறைய ஏதாச்சும் மாத்திரை இருக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு.

இன்னொருவர் கதை வேறு. நள்ளிரவில் கால் கட்டைவிரல் திடீரென்று சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலி. டாக்டர் பார்த்துவிட்டு, "இது கவுட், மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுங்க" என்கிறார். மூன்று வாரத்தில் வலி சுத்தமாகப் போய்விடுகிறது. "வலிதான் போயிடுச்சே, இனிமே எதுக்கு?" என்று மாத்திரை டப்பா அலமாரிக்குப் போகிறது. சில மாதங்களில் அதே கட்டைவிரல், அதே நள்ளிரவு.

முதல் நபருக்கு அந்த மாத்திரை அநேகமாகத் தேவையே இல்லை. இரண்டாவது நபர் அதை நிறுத்தியே இருக்கக் கூடாது. யூரிக் ஆசிட் மருந்துகள் விஷயத்தில் குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் நடக்கிறது.

இது சின்ன எண்ணிக்கையும் இல்லை. 2020-ல் உலகம் முழுக்க சுமார் 5.58 கோடி பேர் கவுட் நோயுடன் இருந்ததாகவும், 2050-ல் இது 9.5 கோடியைத் தாண்டும் என்றும் லான்செட் ருமட்டாலஜி இதழில் 2024-ல் வெளியான உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. (தமிழில் கவுட்டை கீல்வாதம் என்று எழுதுகிறோம். ஆனா அதே சொல்லை எல்லா மூட்டுவலிக்கும் பயன்படுத்துவதால், குழப்பம் வேண்டாம் என்று இங்கே கவுட் என்றே வைத்துக்கொள்வோம்.)

யூரிக் ஆசிட் எங்கிருந்து வருகிறது?

நம் உடலில் செல்கள் தினமும் அழிந்து புதிதாக உருவாகின்றன. அப்போது பியூரின் என்ற பொருள் உடைந்து, கடைசியில் யூரிக் ஆசிட் ஆகிறது. சாப்பாட்டிலிருந்தும் பியூரின் வருகிறது, ஆனால் பெரும்பங்கு நம் உடலே தயாரிப்பது. மற்ற பல விலங்குகளுக்கு யூரிக் ஆசிட்டை மேலும் உடைக்கிற யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது. மனிதர்களுக்குப் பரிணாமத்தில் அது செயலிழந்துவிட்டது. அதனால் நம்முடைய யூரிக் ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கை சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும், மீதி குடல் வழியாகப் போகிறது.

கவுட் வருபவர்களில் பெரும்பாலானோருக்குப் பிரச்சினை, யூரிக் ஆசிட் அதிகமாக உற்பத்தியாவது அல்ல. சிறுநீரகம் அதைப் போதுமான அளவு வெளியேற்றாததுதான். இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. "அவன் தின்ற தீனிக்கு வந்தது" என்று ஒருவரைக் கேலி செய்வதற்கு முன் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் கரையாது, அடியில் தங்கும் இல்லையா? ரத்தத்தில் யூரிக் ஆசிட்டுக்கும் அப்படி ஒரு எல்லை இருக்கிறது. டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராம். அதைத் தாண்டினால் ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியத் தொடங்கலாம். உடலின் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் கால் கட்டைவிரல் மூட்டு இதற்குத் தோதான இடம். படிகம் வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் உடலின் நோய் எதிர்ப்பு செல்கள் அதை எதிரியாகப் பார்த்துத் தாக்கும்போதுதான் அந்த நள்ளிரவு வலி.

அந்த எல்லைதான் சிகிச்சைக்கும் அளவுகோல். ரத்தத்தில் யூரிக் ஆசிட்டை 6-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருந்தால், புதுப் படிகம் உருவாகாது. ஏற்கெனவே படிந்ததும் மெல்ல மெல்லக் கரையும். "மெல்ல மெல்ல" என்றால் மாதங்கள், சிலருக்கு வருடங்கள்.

ரிப்போர்ட்டில் மட்டும் கூடியிருந்தால்?

அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறிகுறியே இல்லாமல் யூரிக் ஆசிட் மட்டும் கூடியிருப்பவர்களுக்கு மருந்து தொடங்க வேண்டாம் என்கிறது. அதற்கு ஒரு கணக்கும் சொல்கிறது. இப்படிப்பட்ட 24 பேருக்கு மூன்று வருடம் மாத்திரை கொடுத்தால், ஒரே ஒருவருக்குத்தான் கவுட் தாக்குதலைத் தடுக்க முடியும். மற்ற 23 பேர் சாப்பிட்டது வீண்.

யூரிக் ஆசிட் கூடியிருப்பவர்கள் எல்லோருக்கும் கவுட் வருவதில்லை என்பதுதான் காரணம். 1987-ல் வெளியான ஒரு நீண்டகால ஆய்வில், 9-க்கு மேல் இருந்தவர்களிலேயே ஆண்டுக்கு நூறில் சுமார் 5 பேருக்குத்தான் கவுட் வந்தது. 7-க்கும் 9-க்கும் இடையே இருந்தவர்களில் ஆண்டுக்கு இருநூறில் ஒருவர்.

"சரி, மூட்டுக்கு வேண்டாம். கிட்னிக்கும் ஹார்ட்டுக்கும் நல்லதுன்னு சொல்றாங்களே?" இந்தக் கேள்வி நியாயமானது. டாக்டர்களுக்கே இந்த நம்பிக்கை ரொம்ப நாளாக இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க மூன்று பெரிய ஆய்வுகள் நடந்தன. சிறுநீரக நோய் உள்ளவர்களிடமும், டைப் 1 சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கியவர்களிடமும் அலோப்யூரினால் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் 2020-ல் வந்தன. சிறுநீரகம் கெடும் வேகத்தை மருந்து குறைக்கவில்லை. 2022-ல் பிரிட்டனில் இதய ரத்தக்குழாய் நோய் உள்ள ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்விலும் மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் குறையவில்லை.

எல்லா நாடும் ஒரே மாதிரி சொல்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் அளவு 9-ஐ எட்டினால், அல்லது வேறு நோய்களுடன் 8-ஐ எட்டினால், அறிகுறி இல்லாமலே மருந்து பற்றி யோசிக்கலாம் என்பது நடைமுறை. ஆனால் மேலே சொன்ன மூன்று ஆய்வுகளுக்குப் பிறகு, வெறும் நம்பருக்காக வாழ்நாள் மாத்திரை என்பதை நியாயப்படுத்துவது கஷ்டம்.

அந்த 7.9 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மற்ற மாத்திரைகளை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் தயசைட் வகை நீர் மாத்திரைகள் யூரிக் ஆசிட்டைக் கூட்டும். குறைந்த அளவு ஆஸ்பிரினும் கூட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் இதற்காக அதை நிறுத்திவிடக் கூடாது, அது ரொம்ப முக்கியம். அதே நேரம் லோசார்டான் என்ற பி.பி மாத்திரை யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் குறைக்கும். ஆகவே பி.பி மாத்திரையை மாற்றிப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது புத்திசாலித்தனம்.

நம் நாட்டுக்கு முக்கியமான இன்னொன்று காசநோய் மருந்து. முதல் இரண்டு மாதம் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு யூரிக் ஆசிட்டை ஏற்றிவிடும். மூட்டு வலியும் வரலாம். அதைப் பார்த்துப் பயந்து டி.பி மருந்தையே நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. மருந்து கொடுக்கும் மையத்தில் சொன்னால் வலிக்கு வழி செய்வார்கள். பைரசினமைடு முடிந்ததும் அளவு தானாக இறங்கிவிடும்.

அப்போ யாருக்குத்தான் மாத்திரை?

வருடத்துக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் கவுட் தாக்குதல் வருபவர்கள், விரல்களிலோ காது மடலிலோ சுண்ணாம்புக் கட்டி மாதிரி படிகக் கட்டிகள் உள்ளவர்கள், எக்ஸ்ரேயில் கவுட்டால் மூட்டு அரிக்கப்பட்டிருப்பது தெரிந்தவர்கள். இவர்களுக்கு மருந்து கட்டாயம் என்பதில் அந்த வழிகாட்டுதல் உறுதியாக இருக்கிறது. முதல் தாக்குதலிலேயே தொடங்கலாமா என்றால், சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் பழுதாகி இருந்தால், யூரிக் ஆசிட் 9-க்கு மேல் இருந்தால், சிறுநீரகக் கல் இருந்தால் தொடங்கலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வலி உச்சத்தில் இருக்கும் நாளில் ரத்தப் பரிசோதனை செய்தால் யூரிக் ஆசிட் நார்மலாகக் காட்டலாம். "நார்மல்தானே, அப்போ கவுட் இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். வலி அடங்கிச் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

60 வயது மாத்திரை

இந்த நோய்க்கு முதல் தேர்வு இன்றும் அலோப்யூரினால்தான். அமெரிக்காவில் 1966-ல் அனுமதி பெற்ற மருந்து. இதை உருவாக்கிய ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் இருவருக்கும் 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. சுவாரசியம் என்னவென்றால், அவர்கள் கவுட்டுக்காக இதைத் தேடவில்லை. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த மெர்காப்டோப்யூரின் என்ற மருந்து உடலில் சீக்கிரம் அழிந்துவிடுகிறது, அதைத் தாமதப்படுத்த முடியுமா என்றுதான் பார்த்தார்கள். அந்த மருந்தை அழிக்கும் சாந்தைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதிதான் யூரிக் ஆசிட்டையும் தயாரிக்கிறது. நொதியை அடக்கினார்கள், யூரிக் ஆசிட் இறங்கியது.

அன்று அவர்கள் விரும்பிய அந்த விளைவே இன்று சிலருக்கு ஆபத்து. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் சிலர் அசதயோபிரின் சாப்பிடுவார்கள். அது உடலுக்குள் போய் மெர்காப்டோப்யூரினாகத்தான் மாறும். கூடவே அலோப்யூரினால் சேர்ந்தால் அது உடலில் தேங்கி, எலும்பு மஜ்ஜையைப் பாதித்து, ரத்த அணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். வேறு வேறு டாக்டர்களிடம் வேறு வேறு நோய்க்குப் போகிறவர்கள், எல்லா மாத்திரைச் சீட்டையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போவது இதற்காகத்தான்.

அலோப்யூரினாலை 100 மில்லிகிராமில் அல்லது அதற்கும் கீழே தொடங்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இன்னும் குறைவாக. பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தத்தைப் பரிசோதித்து, 6-க்குக் கீழே வரும் வரை அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறோம். 100-ல் தொடங்கி, 100-லேயே வருடக்கணக்கில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். யூரிக் ஆசிட் 7.5-ல் இருக்கும், தாக்குதலும் வந்துகொண்டே இருக்கும். "மாத்திரை சாப்பிட்டும் வேலைக்கு ஆகலை" என்பார்கள். வேலைக்கு ஆகாதது மாத்திரை அல்ல, அளவு. நிறைய பேருக்கு 300-க்கு மேல் தேவைப்படும். தினமும் 800 மில்லிகிராம் வரை கொடுக்க அமெரிக்காவில் அனுமதி இருக்கிறது.

பிரிட்டனின் நாட்டிங்காமில் ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பிரிவு கவுட் நோயாளிகளை வழக்கம்போல் குடும்ப டாக்டர்கள் பார்த்தார்கள். இன்னொரு பிரிவை, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பார்த்தார்கள். நோய் என்ன, மாத்திரை ஏன் என்று உட்கார்ந்து விளக்கி, அளவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து நர்ஸ்கள் பார்த்தவர்களில் 95 சதவீதம் பேர் இலக்கை எட்டியிருந்தார்கள். மற்ற பிரிவில் 30 சதவீதம் பேர்தான். 2018-ல் லான்செட்டில் வந்த முடிவு இது. புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்காமலே கிடைத்த வெற்றி.

மாத்திரை தொடங்கியதும் வலி கூடுதே?

அலோப்யூரினாலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ தொடங்கிய முதல் சில மாதங்களில் கவுட் தாக்குதல் அதிகமாகலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் நடப்பது வேறு. ரத்தத்தில் அளவு இறங்கியதும், மூட்டில் பல வருடம் இறுகிக் கிடந்த படிகங்கள் கரையத் தொடங்குகின்றன. அந்த அசைவில் உடல் கொதிக்கிறது. மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

அதற்காகத்தான் முதல் 3 முதல் 6 மாதம் வரை கூடவே ஒரு பாதுகாப்பு மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் கோல்ச்சிசின், குறைந்த அளவில்.

கோல்ச்சிசினுக்கும் நமக்கும் ஒரு உறவு இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்பார்கள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கமெல்லாம் இதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அந்த விதையிலிருந்துதான் கோல்ச்சிசின் எடுக்கிறார்கள். ஆனா "நம்ம ஊர் மூலிகைதானே" என்று யாரும் கிழங்கையோ விதையையோ வாயில் வைத்துவிடாதீர்கள். அது கொடிய விஷம், உயிரையே எடுக்கும். மாத்திரையாக வரும் கோல்ச்சிசினும் அளவு மீறினால் ஆபத்துதான். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுடன் சேர்ந்தால் சாதாரண அளவுகூட விஷமாகலாம்.

ஏற்கெனவே அலோப்யூரினால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் தாக்குதல் வந்தால்? அதை நிறுத்தாமல், வலிக்கு மட்டும் தனியாக மருந்து எடுக்க வேண்டும். நிறுத்தித் தொடங்கி, நிறுத்தித் தொடங்கி விளையாடினால் யூரிக் ஆசிட் ஏறி இறங்கி, அதுவே அடுத்த தாக்குதலைக் கூப்பிடும். வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் கெட்டால் யூரிக் ஆசிட் இன்னும் ஏறும்.

தோலில் தடிப்பு வந்தால் மட்டும் கதை வேறு

அலோப்யூரினால் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதாகச் சிலருக்கு இது தோல் உரியும் அளவுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். ஹெச்.எல்.ஏ-பி 5801 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம் என்பதை 2005-ல் தைவான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கே கடுமையான ஒவ்வாமை வந்த 51 பேரிடமும் அந்த மரபணு இருந்தது. சீனர், கொரியர், தாய்லாந்து மக்கள், ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் மருந்துக்கு முன் இந்தச் சோதனை செய்துகொள்ளலாம் என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். அந்தப் பட்டியலில் இந்தியர்கள் இல்லை. அதனால் நமக்கு ஆபத்தே இல்லை என்று அர்த்தம் கிடையாது. குறைந்த அளவில் தொடங்குவதே இந்த ஆபத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்று.

ஃபெபுக்சோஸ்டாட்: இதயத்துக்கு ஆபத்தா, இல்லையா?

நம்ம ஊர் மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் ஃபெபுக்சோஸ்டாட் 40. இதுவும் அதே நொதியைத்தான் அடக்குகிறது. பெரும்பாலும் கல்லீரலில் செயலிழப்பதால் சிறுநீரகம் ஓரளவு பழுதானவர்களுக்கும் கொடுப்பது எளிது. ஆனால் 2018-ல் வந்த ஒரு ஆய்வு பெரிய அதிர்ச்சியைக் கொடுத்தது. ஏற்கெனவே இதய நோய் இருந்த 6,190 கவுட் நோயாளிகளில், ஃபெபுக்சோஸ்டாட் சாப்பிட்டவர்களில் 4.3 சதவீதம் பேர் இதயக் காரணங்களால் இறந்தார்கள். அலோப்யூரினால் பிரிவில் 3.2 சதவீதம். 2019-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ மருந்தின் மீது கடும் எச்சரிக்கையைப் போட்டு, அலோப்யூரினால் பயன்படாதவர்களுக்கு மட்டும் கொடுங்கள் என்றது.

2020-ல் பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடனில் 6,128 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு அதற்கு நேர்மாறு. இதய ஆபத்து கூடவில்லை, இறப்பும் கூடவில்லை. முதல் ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர் நடுவிலேயே மருந்தை விட்டுவிட்டார்கள் என்பதால் அதன் முடிவை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியும் இருக்கிறது. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் இரண்டில் எதை வேண்டுமானாலும் முதலில் கொடுக்கலாம் என்கிறது, பெரிய இதய நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அலோப்யூரினால் என்கிறது. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் இந்த மருந்தைச் சாப்பிட்டால், அலோப்யூரினாலுக்கு மாறலாமா என்று தன் டாக்டரிடம் கேட்பது நல்லது. தானாக நிறுத்துவது நல்லதல்ல.

இவை இரண்டும் ஒத்துவராதவர்களுக்கு, யூரிக் ஆசிட்டைச் சிறுநீரில் தள்ளிவிடும் புரோபெனசிட் போன்ற மருந்துகள் உண்டு. சிறுநீரகக் கல் இருந்தால் அவை சரிப்படாது.

பருப்பு, தக்காளி, கீரை எல்லாம் நிறுத்தணுமா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலைப் பார்த்தால் சாப்பிடுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. உண்மையில் தவிர்க்க வேண்டியது ஈரல், குடல், மூளை போன்ற உள்ளுறுப்புக் கறி, நெத்திலி, மத்தி, பீர், பாட்டில் குளிர்பானங்கள். பருப்பிலும் கீரையிலும் பியூரின் இருந்தாலும், அவை கவுட் ஆபத்தைக் கூட்டவில்லை என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஆண்களைப் பல வருடம் கவனித்து 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. பால், தயிர் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆகவே சாம்பாரை விட்டுவிட வேண்டியதில்லை.

ஆனால் எவ்வளவு பத்தியம் இருந்தாலும் பெரும்பாலோருக்கு யூரிக் ஆசிட் ஒரு புள்ளி அளவுக்குத்தான் இறங்கும். 9.5-ல் இருப்பவரை உணவு மட்டும் 6-க்குக் கீழே கொண்டுவராது. உடல் எடையைக் குறைப்பது அதைவிட உதவும், ஆனா பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் அதுவே தாக்குதலைத் தூண்டும்.

"ஆயுசு முழுக்கவா டாக்டர்?"

கவுட் உறுதியான ஒருவருக்கு, பெரும்பாலும் ஆமாம். படிகம் எல்லாம் கரைந்து, பல வருடம் தாக்குதலே வராமல் இருப்பவர்கள் மாத்திரையை நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில், யூரிக் ஆசிட் மறுபடி ஏறி, நிறைய பேருக்கு ஓரிரு வருடங்களிலேயே வலி திரும்பியிருக்கிறது. சிறுநீரகம் அதே சிறுநீரகம்தானே. இலக்கை எட்டிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ வருடத்துக்கு ஒருமுறையோ யூரிக் ஆசிட், கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "வலி இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், "என் அளவு 6-க்குக் கீழே இருக்கா?" என்று கேளுங்கள்.